குன்வோரின் எதிர்க்கரை

வெள்ளையில் துளி கறுப்பைக் குழைத்து, போதாதென்று இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்து, படத்தில் இருக்கும் எதிர்க்கரையின் மேல் இழுத்துவிடுகிறாள் குன்வோர். காலில் ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ், முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை, பையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. செப்டம்பர் மாதத்து மூடுபனி வெயில் ஏறியதும் குளோமா ஆற்றைவிட்டு எழுந்து போய்விடும். அவள் படத்தில் மட்டும் அது போவதே இல்லை.

ஊசியிலைக் காட்டை மரம் மரமாக வரைவாள். கரையில் கவிழ்த்த படகு, வேலிக்கம்பத்தில் உட்கார்ந்த காக்கை எல்லாம் இருக்கும். எதிர்மேட்டில் நிற்கும் சிவப்பு வீடு மட்டும் இருக்காது. அந்த இடத்தில் பனி அப்படியே இறங்கிக் கிடக்கும்.

மளிகைக்கடை ஆர்வித் சும்மா இருக்கமாட்டான். "அக்கா, வெள்ளைப் பெயிண்ட் வந்திருக்கு. உங்க அண்ணன் வீட்டுப் புகைபோக்கியாவது கொஞ்சம் வெளிய தெரியட்டுமே!"

"உன் வாயையும் சேத்துப் பூசணும். ஒரு டியூப் கூடவே வை."

கோடையில் நகரத்து ஆட்கள் வந்து படத்தின் முன்னால் குரலைத் தாழ்த்துவார்கள். என்ன அமைதி, என்ன மர்மம் என்பார்கள். "மர்மமெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்பாள். "அங்க எங்க அண்ணன் இருக்கான்."

அந்த வீட்டில்தான் பிறந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தொழுவத்தில் பால் கறந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்தவள் அவள். அவர் போனதும், மூத்தவன் என்று வீடும் நிலமும் அண்ணன் ஹல்வார்டுக்குப் போயின. அவன் கல்யாணம் முடிந்த வாரம், அண்ணி மாரித் அடுப்பங்கரையில் நின்றபடி, "உன் அறை எங்களுக்கு வேணும்," என்றாள். ஹல்வார்ட் வாயைத் திறக்கவில்லை. டிராக்டரில் அவள் பெட்டியை ஏற்றிப் பாலத்தைக் கடந்து, இந்தக் கரையில் வாடகைக் குடிலின் படியில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனான். ஒரு காப்பி குடிக்கக்கூட உள்ளே வரவில்லை. அப்போது அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது.

அதன்பிறகு அவன் இந்தக் கரைக்கு அவளைத் தேடி வந்தது போன வாரம்தான். மாரித் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. கைத்தடி ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் படச் சட்டத்தின் பக்கத்தில் வந்து நின்றான்.

"வீட்ட வித்தாச்சு, குன்வோர். பையனுக்கு வேண்டாமாம். வாங்கினவங்க இடிக்கப்போறாங்க. அதுக்குள்ள ஒரு படம் போட்டுக் குடு. வீட்டோட."

"பனியா இருக்கே, அண்ணே."

"எங்க இருக்கு? வெயில் பல்லக் காட்டுது."

அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே வரைவாள். அவனுக்கும் அது தெரியும். அதனால்தானோ என்னவோ, குனிந்து, காயாத சாம்பல் நிறத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினான். சிவப்பு வரவில்லை. வெறும் துணி தெரிந்தது.

"அடியில போட்டு வச்சிருப்பேன்னு நெனச்சேன்," என்றான்.

குன்வோர் டர்பன்டைன் நனைத்த துணியை எடுத்தாள். அவன் கையைப் பிடித்து, நகத்தில் ஏறிய சாயத்தைத் துடைத்தாள். சாயம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, தூரிகையைத் தோய்த்து, அந்தக் கீறலை மூடினாள்.