ஓடை விட்டுப்போன மேட்டில் ஒரு கத்தரித் தோட்டம்

1. கேட் அருகே ஒரு கேள்வி

நாங்கள் குழி வெட்டப் போன நிலத்தில் ஒரு தமிழர் கத்தரி போட்டிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இடம் மேற்கு டெக்சாஸ். காலம் எண்பதுகளின் நடுப்பகுதி. குழி வெட்டும் பேக்ஹோ இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நானும் என் முதலாளி பில்லும் கேட் அருகே நின்றபோது, தலையில் துண்டு கட்டிய ஒருவர் வரப்போடு ஓடி வந்தார். பில்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"தமிழோ?"

"ஆமாண்ணே."

"அப்ப நீர்தானோ என்ர தோட்டத்தில கிடங்கு வெட்ட வந்தனீர்?"

யாழ்ப்பாணத்தில் குழியைக் கிடங்கு என்பார்கள். அவர் பெயர் ராஜன். ஊரில் அரசாங்கக் குமாஸ்தா, காலையும் மாலையும் தோட்டக்காரர். அங்கே இருக்க முடியாமல் கிளம்பி வந்தவர். டெக்சாஸில் அவருக்குக் கிடைத்தது ஒரு மோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை. மனைவி மேர்சி அக்கா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் சம்பளத்தை நம்பி ராஜன் அண்ணன் மோட்டலை விட்டுவிட்டு, மிஸஸ் டோரா என்ற அமெரிக்க விதவையிடம் இந்த நிலத்தை ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்திருந்தார். டாலஸில் இருந்த இந்திய மளிகைக் கடைகளுக்குக் கத்தரியும் பாகற்காயும் அனுப்புவது திட்டம்.

ஆனால் கத்தரி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதே சமயம் ஒரு ஜல்லிக் கம்பெனி, அடியில் இருக்கும் கிராவலுக்காக, அதாவது சரளைக் கல்லுக்காக, நிலத்தைக் கேட்டிருந்தது. மிஸஸ் டோரா பில்லைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். அடியில் கிராவல் இருக்கிறதா? மேலே இருக்கும் மண் எதற்காவது உதவுமா? பதிலைப் பொறுத்துத்தான் ராஜன் அண்ணன் தோட்டக்காரராக இருப்பாரா, மறுபடி மோட்டல் சலவைக்குப் போவாரா என்பது.

2. என் வேலை

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். தூத்துக்குடியில் கப்பலேறி நியூ ஜெர்சியில் இறங்கினேன். மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஒரு குடோனில் பெட்டி தூக்கினேன். குளிர் ஒத்துவரவில்லை. மேற்குக் கரையில் இருக்கும் ஃப்ரீமான்ட் போய் ஒரு கடையில் மூட்டை இறக்கினேன். சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பஸ் பிடித்து டெக்சாஸ் வந்து பில்லிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ரூம் கிடைக்கும்வரை பில்லின் பிக்கப் டிரக்கில்தான் தூக்கம். கால் நீட்ட முடியாது, மற்றபடி குறை இல்லை.

பில் மண் பார்ப்பவர். வீடு கட்டுகிறவர், செப்டிக் டேங்க் வைக்கிறவர், நிலம் வாங்குகிறவர் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். நான் பேக்ஹோவில் குழி வெட்டுவேன். அவர் உள்ளே இறங்கிச் சுவரைக் கத்தியால் சுரண்டி அடுக்கு அடுக்காகப் பார்ப்பார். சின்ன பாட்டிலில் இருந்து ஆசிட் சொட்டுவார். நுரைத்தால் சுண்ணாம்பு. நிலம் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எழுதிக் கொடுப்பார். அவர் பேசியது டெக்சாஸ் இங்கிலீஷ். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

3. ஓடை மேடு

இந்த மாதிரி நிலத்துக்கு எங்கள் தொழிலில் ஸ்ட்ரீம் டெரஸ் என்று பெயர். ஒரு காலத்தில் ஓடை அந்த உயரத்தில்தான் ஓடியிருக்கும். வண்டலைக் கொட்டிவிட்டு, பிறகு ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பழைய படுகை மேடை போல மேலேயே நின்றுவிடும். வெள்ளம் அநேகமாக அங்கே ஏறாது. கல் இல்லாத, ஆழமான, தட்டையான மண். பார்க்க ஆசையாக இருக்கும்.

தோட்டத்து ஓரத்தில் என் தோளளவு ஆழத்துக்குக் குழி வெட்டினேன். மேலே அடர்ந்த பழுப்பு நிறக் களிமண் கலந்த மண். இடுப்பளவில் வெள்ளை நூல் நூலாக ஏதோ ஓடியது. அதற்குக் கீழே வெள்ளைக் கட்டிகள். அடியில் கிராவல், ஆனால் சுண்ணாம்பு ஒட்டி இறுகிப்போன கிராவல்.

பில் ஆசிட் சொட்டினார். மேல் மண்ணே நுரைத்தது. வெள்ளைக் கட்டி பொங்கியது.

"இங்க மழை கம்மி," என்றார். "சுண்ணாம்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகிற அளவுக்குப் பெய்யாது. மழை எவ்வளவு ஆழம் இறங்குமோ அங்கேயே அதை விட்டுட்டுப் போயிடும். இந்த வெள்ளைக் கோடுதான் இந்த ஊர் மழையோட எல்லை."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ராஜன் அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"சுண்ணாம்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரோ? எங்கட யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்லுக்கு மேலதான் இருக்கு. அதிலதான் மிளகாயும் வெங்காயமும் செய்தனாங்கள். நான் ஒரு நாளும் தண்ணி இறைக்காமல் விட்டதில்லை. இஞ்சயும் விடேல்லை. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா."

பில் நிமிர்ந்தார். "தினமும் ரெண்டு தடவையா?"

"ஓம்!" என்றார் ராஜன் அண்ணன், பெருமையாக.

பில் என்னிடம், பாத்திக்குள்ளேயே இன்னொரு குழி வெட்டச் சொன்னார். ராஜன் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. இரண்டு செடிகள் போயின. மண்வெட்டியால்தான் வெட்டினேன். முழங்கால் ஆழத்தில் மண் பரோட்டா மாவு போல் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வேர்கள் மேலேயே சுருண்டு கிடந்தன. சேற்று நாற்றம்.

ராஜன் அண்ணன் தாமே குழியில் இறங்கினார். மண்ணை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினார். அது நாடா போல் நீண்டது. முகர்ந்து பார்த்தார்.

"எங்கட செம்மண் இப்பிடி நீளாது," என்றார், குரல் இறங்கி. "அது தண்ணியைக் குடிச்சுக் கீழ விட்டிடும். இது பிடிச்சு வச்சிருக்கு."

"இரும்பு மண்ணுல இருக்கு," என்றார் பில். "சுண்ணாம்பும் தேங்கின ஈரமும் சேர்ந்தா வேரால அதை எடுக்க முடியாது. குருத்தைப் பாரு. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை." பிறகு செடிகளின் மேல் இருந்த வெள்ளைத் தூளைக் காட்டினார். "இது என்ன, பனியா?"

"அடுப்புச் சாம்பல். பூச்சிக்குப் போட்டது. மண்ணுக்கும் நல்லம்."

பில் பாத்தி ஓரத்துச் சாம்பல் குவியலில் ஆசிட் சொட்டினார். அதுவும் நுரைத்தது. இருக்கிற சுண்ணாம்பு போதாதென்று ராஜன் அண்ணன் மேலேயும் போட்டிருந்தார்.

4. பியூஸ்

பில் மிஸஸ் டோராவிடம் மறைக்கவில்லை. "கிராவல் இருக்கு. இறுகியிருக்கு, ஆனா எடுக்கலாம். மேல் மண் எப்படின்னு இப்ப சொல்ல மாட்டேன். தண்ணி விடறதை நிறுத்தின பிறகு செடியைப் பாக்கணும்."

ஆகஸ்ட் கடைசி வரை பொறுப்பதாக மிஸஸ் டோரா ஒத்துக்கொண்டார். கம்பெனிக்காரன் அதுவரைதான் காத்திருப்பானாம்.

பில் சொன்ன வைத்தியம் எளிது. சாம்பல் வேண்டாம். இலையில் இரும்பு மருந்து தெளிக்க வேண்டும். ஒரு சாண் தோண்டிப் பார்த்து, மண் உதிர்ந்தால் மட்டும் தண்ணீர். ராஜன் அண்ணனுக்கு முதல் இரண்டும் முடிந்தது. மூன்றாவதுதான் முடியவில்லை. வெயில் கொளுத்துகிறது, செடி தலையைத் தொங்கப்போடுகிறது, இவர் கை கட்டி நிற்க வேண்டும். பம்ப் ஷெட்டுக்கும் பாத்திக்குமாக நடப்பார்.

ஒரு லீவு நாளில் நான் போனபோது, மேர்சி அக்கா யூனிஃபார்மோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவரைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளும். நேற்று நான் வாறதுக்கு முன்னம் மோட்டரைப் போட்டிட்டார்."

"அது ரெண்டு நிமிஷந்தான்!" உள்ளேயிருந்து ராஜன் அண்ணன் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, நோயாளிக்கு டொக்டர் குடிக்கக் குடுக்காதேங்கோ எண்டால் நான் குடுக்கமாட்டன். விளங்குதோ?" மேர்சி அக்கா பம்ப் ஷெட்டுக்குப் போய் மோட்டர் பியூஸைக் கழற்றி, யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ராஜன் அண்ணனைக் காணவில்லை. தேடினால், ஓடைப் பள்ளத்தில் மிச்சமிருந்த குட்டையில் இருந்து வாளியோடு ஏறி வருகிறார்.

"அண்ணே!"

"ஒரு வாளிதான் தம்பி. சின்ன வாளி."

"அக்காகிட்ட சொல்லிடுவேன்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "தண்ணி விடாமல் ஒரு செடி பிழைக்கும் எண்டு நம்பச் சொல்லுறீங்கள். என்ர கை அதுக்குச் சம்மதிக்குதில்லை. இது பிழைச்சால் நான் மனுசன். இல்லாட்டி அந்த மோட்டல்."

பக்கத்துச் செடியடியில் கையால் தோண்டினேன். கீழே இன்னும் குளிர்ந்த ஈரம். அவர் விரலைப் பிடித்து உள்ளே வைத்தேன். அவர் அந்த ஈரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வாளித் தண்ணீரில் முகம் கழுவினார்.

இரண்டாவது வாரத்தில் செடிகளின் மேல் பாதி நிமிர்ந்தது. ஜூலையில் வந்த குருத்துகள் பச்சை. பழைய இலைகள் மஞ்சளாகவே உதிர்ந்தன. வேர் கீழே இறங்கியிருந்தது. ஓரங்களில் சில செடிகள் செத்துத்தான் போயின. மற்றவை பூத்தன.

5. மிஸஸ் டோரா வந்த நாள்

ஆகஸ்ட் கடைசியில் மிஸஸ் டோரா பூட்ஸ் போட்டுக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்தார். "என் புருஷன் இதுல புல்லைத் தவிர எதுவும் வராதுன்னாரு," என்றார். ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு சின்னது? நோயா?"

"பெரிசாக விட்டால் விதை முத்திடும்," என்றார் ராஜன் அண்ணன். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். மிஸஸ் டோரா பில்லிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. கிராவலா, இதுவா?"

"கிராவலை எடுக்கணும்னா மேல இருக்கற மண்ணு போகணும். ஓடை அதைக் கொண்டுவந்து போட்ட காலம் முடிஞ்சுபோச்சு, திரும்பக் கொண்டுவராது. மண்ணு வேலை செய்யுதா இல்லையான்னு இப்ப நீங்களே பாக்கறீங்க."

மிஸஸ் டோரா ஓடைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "குத்தகையை மூணு வருஷத்துக்கு எழுதிக்கலாம்," என்றார். "ஆனா கேட்டைச் சாத்தி வைக்கணும். என் மாடு உள்ளே வந்தா நான் பொறுப்பில்லை."

நான் மொழிபெயர்ப்பதற்குள், பக்கத்தில் நின்ற மேர்சி அக்கா புரிந்துகொண்டார். "இஞ்சாருங்கோ, அழாதேங்கோ. ஆக்கள் பாக்கினம்," என்று ராஜன் அண்ணனின் முழங்கையைப் பிடித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ராஜன் அண்ணன், யாழ்ப்பாணத்தில் செய்வது போல, இலையோடு கூடிய மரக்குழைகளை வெட்டிப் பாத்தியில் புதைத்தார். பில் அதைச் சரியான வேலை என்றார். இலை மக்கினால் இந்த மண் கொஞ்சம் இளகும். அடுத்த கோடையில் டாலஸுக்குப் பெட்டி ஏற்றிப் போன வண்டியை நான்தான் ஓட்டினேன். வேறு ஊருக்குக் கிளம்பும் எண்ணம் அந்த வருடம் எனக்கு வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மண்ணை மேலிருந்து பார்த்து நல்லது, கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். தோட்டக்காரர் அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் நிற்கிற இடத்திலேயே ஒரு குழி வெட்டி, அவரையும் உள்ளே இறங்கச் சொல்லுங்கள். நாம் சொன்னால் கோபப்படுகிறவர், தன் விரலால் தொட்டால் ஒத்துக்கொள்வார்.