கொரியாவில் இருந்துகொண்டு கொரியத் தொடர் பார்த்த கதை

என் அறையில் என்னிடம் மரியாதையாகப் பேசுகிற ஒரே ஜீவன் ரைஸ் குக்கர்தான். சோறு வெந்ததும் ஒரு பெண் குரலில், சமையல் முடிந்தது, தயவுசெய்து கிளறிவிடுங்கள் என்கிறது. வந்த புதிதில் திடுக்கிட்டுத் திரும்பி "சரிங்க" என்று தமிழிலேயே பதில் சொல்லியிருக்கிறேன். கொரியாவில் பீங்கான் தட்டு செய்யும் கம்பெனிக்கு நான் வந்து நான்கு வருடமாகிறது. விருத்தாசலத்தில் இருக்கும் என் மனைவி வளர்மதியோடு பேசுவதைவிடக் குக்கரோடுதான் அதிகம் பேசுகிறேனோ என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் என்னைக் கொரியத் தொடர்களுக்குள் தள்ளியது.

சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான், வச்சிடட்டுமா. போனில் எங்கள் பேச்சு இரண்டே நிமிடம். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியது: இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா? மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். அதை வளர்மதியிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அங்கேயே இருங்க என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு பயம், வந்துடுங்க என்று சொல்லிவிடுவாளோ என்று இன்னொரு பயம். பயம் இரண்டு, காகிதம் ஒன்றுதான்; அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

பேசாத பெண்ணா அவள்? எங்கள் ஊர்ச் செராமிக் பட்டறையில் நான் அச்சில் கரைத்த களிமண் ஊற்றுவேன். அவள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்து பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டுவாள். இவளுக்கு மாமியாரோடு சண்டை, அதான் பார்வை ஒரு பக்கமாகப் போகிறது. இந்தப் போலீஸ்காரருக்குப் பல்வலி, அதான் ஒரு கண் சின்னது. கோணலாக எழுதிவிட்டுச் சொன்ன சமாதானங்கள் அவை என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஊற்றிய மண் அச்சிலேயே இறுகிப்போகும்வரை நின்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் இரண்டு நிமிடத்தில் போனை வைத்தால்? வெறுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. குக்கர் மட்டும் கிளறச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"எம்மேல கோவமா?"

"அதெல்லாம் இல்லீங்க. அந்தக் கொரியாக்காரன் வந்துடுவான், அதான்."

எவன் அவன் என்று கத்திவிட்டேன். அவன் டிவியில் வருகிறவன் என்பதை அவள் நிதானமாகத்தான் சொன்னாள். தமிழ் பேசும் கொரியாக்காரன். மழை வந்தால் பெண்ணுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைகிறவன். "உங்க ஊர்ல ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தானா?" என்று வேறு கேட்டாள். எங்கள் மேற்பார்வையாளர் களிமண் மூட்டைக்குத்தான் குடை பிடிப்பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொரியா எப்போது என் ஊரானது என்று நானும் கேட்கவில்லை.

சரி, நாமும் பார்ப்போம் என்று இறங்கினேன். தெரியாத்தனமாக ராஜா காலத்துத் தொடர் ஒன்றைத் தொட்டு, அத்தனை பாகமும் பார்த்து, வசனம் மனப்பாடமாகிவிட்டது. மறு வாரமே கம்பெனியில் ஒரு பலகை நிறையத் தட்டுகளைக் கீழே போட்டேன். பதற்றத்தில் மேற்பார்வையாளர் முன்னால் மண்டியிட்டு, "ஜொன்ஹா, சுக்யோ சுசியோப்சோசோ" என்றேன். மன்னா, என்னைக் கொன்றுவிடுங்கள் என்று அர்த்தம். என் உச்சரிப்பில் மன்னா எங்கோ தொலைந்துவிட்டார். கொன்றுவிடுங்கள் மட்டும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பிடித்து உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரித்தார். ஒரு வாரம் என்னைச் சூளைப் பக்கம் தனியாக விடவில்லை.

இதைச் சொன்னபோது வளர்மதியிடமிருந்து பழைய பட்டறைச் சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பத்து நிமிடம் பேசினாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரே தொடரைச் சேர்ந்து பார்ப்பது என்று ஆனது. அவளுக்கு டிவியில் தமிழில், எனக்கு லேப்டாப்பில் கொரிய மொழியில், நடுவில் ஸ்பீக்கரில் போன். காகிதம் மட்டும் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

போன ஞாயிறு அங்கே கரண்ட் போய்விட்டது. "நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றாள். ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்பும் கணவனை மனைவி வாசலில் நிறுத்தி, "யோபோ" என்றாள். பெயர் சொல்லாமல், இங்கே பாருங்க என்பதுபோலக் கூப்பிடும் சொல். அதற்குத் தமிழ் தேட வேண்டியிருக்கவில்லை.

"ஏங்க," என்றேன். "வூட்டுக்கு எப்ப வருவீங்க?"

போனில் அவள் தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்கு அவன் என்னா சொன்னான்?" என்றாள் வளர்மதி.

நான் படத்தை நிறுத்தியிருந்தேன். திரையில் அந்தக் கணவன் ஷூ மாட்டிய ஒரு காலை வாசலில் வைத்திருந்தான். இன்னொரு கால் வெறுங்காலாக வீட்டுக்குள் இருந்தது.

"இன்னும் சொல்லல," என்றேன். "வாயத் தொறந்துட்டான்."