பேச்சு நின்ற பேருந்து

தினமும் காலை ஆறே முக்கால் முதல் ஏழரை வரை பென்னலூரில் எங்கள் தெரு முனையில் நின்று கம்பெனிப் பேருந்துகளை எண்ணுகிறேன். நேற்று இருபத்தேழு போயின. ஒன்றில்கூட ரேடியோ பேசவில்லை. இரவு வேலை முடித்த பிள்ளைகளின் தலைகள் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து கிடந்தன. எல்லார் காதிலும் வெள்ளைக் குமிழ்கள். நான் முன்கண்ணாடி வழியாக ஓட்டுநர்களின் கண்ணைப் பார்க்கிறேன். திறந்திருக்கிறதா என்று மட்டும்.

"நீங்க எண்ணலேன்னா பஸ்ஸுங்க ஓடாதா?" என்று மனைவி கேட்கிறாள். ஓடும். எனக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் ஆறரைக்கே செருப்பைத் தேடுகிறேன்.

அரசாங்கத்தில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் மாடிப்படிகளையும் மாத்திரைகளையும் எண்ணிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அப்போது ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து விடும் ஒப்பந்தக்காரர் ஒருவர், கணக்கு எழுத நிதானமான ஒரு பெரியவர் வேண்டும் என்றார். தகரக் கூரை ஷெட்டில் எனக்கு ஒரு மேசை. ஒவ்வொரு வண்டியும் எத்தனை பேரை ஏற்றியது, எத்தனை பேரை இறக்கியது என்று டிரிப் ஷீட்டில் தலைக்கணக்கு எழுத வேண்டும். வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு வண்டியில் நானே ஏறி எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

பெரும்பாலும் ஒரே வண்டியில்தான் ஏறினேன். மூன்றாம் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், பென்னலூர் வழியாகக் காஞ்சிபுரம் போகும் வண்டி. அதை ஓட்டியவர் வல்லம் வடகால் பக்கத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். விடியுமுன் முதல் ஷிப்ட்காரர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதே வண்டியில் இரவு ஷிப்ட்காரர்களைத் திருப்பிக் கொண்டுபோவார். அதாவது அவர் எழுந்து நான்கு மணி நேரம் ஆன பிறகுதான் எனக்கு அவர் 'வணக்கம் சார்' சொல்வார். அவருடைய நெல்வயல் இருந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. தினமும் அதைக் கடந்துதான் வண்டி ஓட்டினார். ஒரு முறை அதைப் பற்றிக் கேட்டேன். "அது போயி எவ்ளோ வருசம் ஆச்சு சார். பேசாம ரேடியோவ கேளுங்க" என்றார்.

சென்னையின் தனியார் பண்பலை ஒன்றில் காலையில் ஓர் ஆணும் பெண்ணும் பேசுவார்கள். பாட்டு குறைவு, வாயாடல் அதிகம். போக்குவரத்து, மாமியார், மழை, முதலாளி என்று எதையாவது இழுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஊரே போன் செய்து பதில் சொல்லும். எங்கள் ஓட்டுநருக்கு லைன் கிடைத்ததே இல்லை. இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரேடியோவுக்கே நேராகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் அந்தப் பெண், "வீட்டுல நீங்க அடிக்கடி சொல்ற பொய் எது, சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

"நா இன்னா பெருசா பொய் சொல்றது?" என்றார் ஓட்டுநர். "சாப்டியான்னு கேப்பா. ஆச்சும்மேன்னு சொல்வேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதே பொய்தான் ஓடிகினு கீது."

பின்னாலிருந்து ஒரு பிள்ளை கத்தினான்: "ணா, அண்ணிக்கு போன் போட்டு சொல்லவா?"

"போடுடா. மொதல்ல ஒனக்குத்தான் திட்டு வுழும்."

வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் எண்ணினேன். நாற்பத்து நான்கு பேரில் முப்பத்தொரு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் தூங்கினார்கள். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற வேறொரு கம்பெனி வண்டியிலும் அதே நிலையம்தான். ரேடியோவில் அந்த ஆண் ஏதோ சொல்ல, இரண்டு வண்டிகளும் ஒரே நொடியில் சிரித்தன. முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

பிறகு சிரிப்பவர்கள் குறைந்தார்கள். இருபது, பதினாறு, ஒன்பது. முதலில் ஒயர் வைத்த காதுகள், அப்புறம் ஒயர் இல்லாத காதுகள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம். தமிழ் தெரியாத வடக்கத்திப் பிள்ளைகளும் நிறைய வந்துவிட்டார்கள்; அவர்களுக்கு அந்தப் பேச்சு வெறும் சத்தம். ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். சிரித்தவர் ஒருவர்தான். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

புகார்கள் வர ஆரம்பித்தன. இரவெல்லாம் உற்பத்தி லைனில் நின்றுவிட்டு வருகிறோம், தூங்க விடமாட்டேன் என்கிறார் டிரைவர், ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள் என்று. ஒப்பந்தக்காரர் என்னிடம், "நீங்கதான் கணக்கு மன்னராச்சே, ஒரு ஓட்டெடுப்பு வெச்சு முடிச்சுடுங்க சார்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. வெள்ளைத்தாளை நாற்பத்து நான்காகக் கத்தரித்தேன். தமிழிலும் இந்தியிலும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று எழுதினேன். வண்டி புறப்படுமுன் கொடுத்து, பென்னலூர் வருவதற்குள் வாங்கிவிட்டேன். வேண்டாம் முப்பத்தெட்டு. வேண்டும் நான்கு. இரண்டு வெற்றுச் சீட்டுகள்.

மறுநாள் ஷெட்டில் முடிவைச் சொன்னேன். ஓட்டுநர் ஹெல்த் செக்கப் அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார்.

"சார், அத நிறுத்தினா நா தூங்கிடுவேன்."

"பாட்டு வேணும்னா சின்னதா வெச்சுக்குங்களேன்."

"பாட்டு தாலாட்டு மாதிரி சார். இன்னும் சீக்கிரம் தூக்கம் வரும். பேச்சுன்னா பதில் சொல்லணும்ல? அதுலதான் முழிச்சிகினு கீறேன். பின்னாடி நாப்பது பேரு கொறட்ட வுடறான், எங்கூட பேச வேற ஆளு யாரு கீறா?"

"நீங்க மட்டும் இயர்போன் வெச்சுக்கவும் கூடாது. அது விதி." அந்த விதியை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியவனும் நான்தான்.

"அப்போ இன்னா செய்ய?"

"பெரும்பான்மை வேண்டாம்னு சொல்லுது. நான் என்ன பண்ண முடியும்?"

அவர் என் மேசையைப் பார்த்தார். சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு கட்டாக அடுக்கி வைத்திருந்தேன்.

"என் சீட்டு எங்க சார்?"

"நீங்க பயணி இல்லையே" என்றேன்.

உண்மைதான். டிரிப் ஷீட்டில் ஓட்டுநரின் தலையை எண்ணும் வழக்கம் இல்லை. வண்டியில் நாற்பத்தைந்து பேர் போனாலும் நாங்கள் நாற்பத்து நான்கு என்றுதான் எழுதுவோம். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் எழுதினேன். அதில் தவறு இருப்பதாக எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

ரேடியோ நின்ற பதினோராவது காலை, வல்லம் வடகால் திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் சர்வீஸ் சாலையைத் தாண்டி வாய்க்காலில் மூக்கை இறக்கி நின்றது. பிள்ளைகளில் ஒன்பது பேருக்குச் சின்னக் காயம். ஓட்டுநருக்கு வலது பாதம் நசுங்கியது. நான் போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வண்டியின் எஞ்சின் அணைந்திருந்தது. நாற்பது பேர் சாலையோரம் நின்றும் அங்கே சத்தமே இல்லை. அந்த அமைதிதான் இன்றைக்கும் காலையில் என்னை எழுப்புகிறது.

ஒப்பந்தக்காரர் ஒரு படிவம் கொண்டுவந்தார். ஏழு கேள்விகள். ஆறாவது: 'ஓட்டுநர் முன்னதாக ஏதேனும் குறை தெரிவித்தாரா?'

"இல்லைன்னு போடுங்க சார். ஒரு வார்த்தைதானே" என்றார்.

எழுதினேன். மூன்று எழுத்து. 'ஆம்' என்று எழுதியிருந்தால் இரண்டே எழுத்து, ஆனால் பிறகு அந்த ஓட்டெடுப்பைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஸ்டியரிங்கில் தூங்கியவர் என்ற பேச்சு எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் போய்விட்டது. கால் கோணலாகக் கூடியது. யாரும் வண்டி தரவில்லை. நானும் அந்த மாதமே வேலையை விட்டேன். ஒரு வருடம் கழித்துத் துணிந்து ஒப்பந்தக்காரருக்கு உண்மையை எழுதினேன். அவர் தொழிலை விட்டுப் போயிருந்தார், கடிதம் திரும்பி வந்தது.

அதற்குள் நான் அந்த நிகழ்ச்சியைத் தினமும் கேட்க ஆரம்பித்திருந்தேன், ஓட்டுநர் கேட்ட அதே நேரத்தில். வருடா வருடம் போன் செய்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வாரத்தில் நாற்பது குரல்கள் வந்த இடத்தில் ஐந்தே பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒருவருக்கு இருமல், ஒரு அம்மாவுக்கு வீட்டில் கிளி. விளம்பரங்கள் போயின. இரண்டு பேர் பேசிய இடத்தில் அந்தப் பெண் மட்டும் மிஞ்சினாள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள்; யாரும் வராவிட்டால் தானே பதில் சொல்லித் தானே சிரிப்பாள். கேட்கவே முடியாது. நான் கேட்டேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, திங்கள் முதல் பாட்டு மட்டும்தான், பேச்சு கிடையாது என்றாள். "கடைசியா யாராவது பேசணுமா மக்களே?"

இரண்டாவது மணியிலேயே லைன் கிடைத்தது. ஊர் பெயரைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டுகள், முப்பத்தெட்டு, வாய்க்கால், ஆறாவது கேள்வி.

"அய்யா... அந்த அண்ணன் இப்போ கேட்டுட்டு இருக்காரா?"

"தெரியலம்மா."

"அவருக்காக ஒரு பாட்டு போடட்டுமா?"

"வேண்டாம்மா. பாட்டுன்னா அவருக்குத் தூக்கம் வரும்."

அதற்குள் யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

யார் கேட்டிருப்பார்கள் என்று அடுத்த பத்து நாள் விசாரித்தேன். பால்காரர், மருந்துக்கடை, மாடி வீட்டுக்காரர், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் என்று நாற்பத்தாறு பேர். ஒருவரும் கேட்கவில்லை. அடுப்படியில் இருந்த மனைவியும் கேட்கவில்லை. "குக்கர் விசில் வந்துட்டு இருந்துதுங்க. உங்க குரல்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றாள். அந்த ரேடியோ இத்தனை வருடம் பேசிய வார்த்தைகளெல்லாம் போய்ச் சேர்ந்த கிணற்றில் என் வார்த்தைகளும் விழுந்து, அடியில் தொட்ட சத்தம்கூட வரவில்லை.

பதினோராவது நாள் ஓட்டுநரைத் தேடி வல்லம் வடகால் போனேன். சாலையோரப் பஞ்சர் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். எத்தினி பேரு வந்து கீறீங்க?"

"நான் மட்டும்தான்."

"கணக்கு கரீட்டு."

நின்றபடியே சொன்னேன். "ரேடியோல சொல்லிட்டேன். நீங்க என்கிட்ட முன்னாடியே சொன்னீங்கன்னு. நான்தான் மறைச்சேன்னு."

டியூபைத் திருப்பித் திருப்பிக் குமிழி தேடினார். "யாரு கேட்டாங்க?"

"எனக்குத் தெரிஞ்சு யாருமில்ல."

அவர் சிரித்துவிட்டார். "நானே கேக்கல சார். அது முழிச்சிகினு இருக்கறதுக்குதான? வண்டியே இல்லாதவனுக்கு அது எதுக்கு?" பிறகு சிரிப்பு நின்றது. "என் பேத்திய ஸ்கூல்ல இன்னான்னு கூப்பிடறாங்க தெரியுமா? தூங்குமூஞ்சி டிரைவர் பேத்தின்னு. அது பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தத அது சொமக்குது."

"நான் எழுதித் தரேன். யார்கிட்ட குடுக்கணும் சொல்லுங்க."

"எழுத்து இன்னாத்துக்கு சார். இந்த ஊர்ல யாரு படிக்கப் போறான்?" கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோணல் காலை இழுத்து முன்னால் நடந்தார். "வாங்க."

பக்கத்து டீக்கடையில் ஆறு பேர் நின்றார்கள். அவர் என் முழங்கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

"இவருதான் அந்த ஷெட்ல கணக்கு எழுதின சாரு. ஒரு விசயம் சொல்ல வந்து கீறாரு. கேளுங்க."

சொன்னேன். சாலையில் ஒரு டிரெய்லர் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு நீளமாகப் போனது. வடைச் சட்டியில் எண்ணெய் இரைந்தது.

"இன்னா சொல்றாரு பெருசு?" என்றார் ஒருவர்.

"யாரோ செத்துட்டாங்களாம்."

"அட இல்லப்பா, ரேடியோவ பத்தி இன்னாவோ சொல்றாரு."

என் முகம் எரிந்தது. கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். முழங்கையில் இருந்த பிடி தளரவில்லை. அவர் டீக்காரரிடம் அடுப்பைக் குறைக்கச் சொன்னார். டிரெய்லர் முழுதாகக் கடக்கும்வரை காத்திருந்தார்.

"காதுல வுழல சார் அவங்களுக்கு" என்றார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. சத்தமா."