இலைகளைக் கழுவிய வாரம்

எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் முதலில் மரங்களைக் குளிப்பாட்டுவார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் இரவும் பகலும் நெய்வேலியின் மேல் இறங்கிக்கொண்டே இருந்த காலம். கொடியில் காயும் வேட்டியில், மூடாத பால் சொம்பில், நெற்றிப் பொட்டின் மேல், எங்கும் அது. பூவரச இலையை விரலால் தேய்த்தால்தான் உள்ளே பச்சை இருப்பது தெரியும். தண்ணீர் லாரி வரும். விருந்தாளிகளின் கார் போகிற சாலையில் மட்டும் இலைகள் பளபளக்கும். அடுத்த தெருவின் மரங்கள் அழுக்கோடு நின்று வேடிக்கை பார்க்கும்.

நான் பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது, அந்த லாரியின் மேல் குழாயைப் பிடித்து நின்றவர்களில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் ஒரே தம்பி. என்னை "வா பாப்பா, போ பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். காண்ட்ராக்ட் ஆள்.

அவர் காண்ட்ராக்டில் இருந்ததற்குக் காரணம் நாங்கள். அம்மா வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அந்தக் குடும்பத்துக்கு ஒரு வேலை வந்தது. அது மாமாவுக்கு வந்திருக்க வேண்டியது. அம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் நகை கேட்கவில்லை, அந்த வேலையைக் கேட்டார்கள். "குடுத்துடுங்க, அக்கா நல்லா இருக்கட்டும்" என்றாராம், மீசை முளைக்காத மாமா. அப்பா பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாமா அதன் பின்பக்க மதிலோடு ஒரு கீற்றுச் சாய்ப்பு போட்டுக்கொண்டு அதில் இருந்தார். சாய்ப்பு என்று சொல்ல அம்மா விடமாட்டாள். "தம்பி ரூமு" என்பாள். காலையில் முதல் காபி அங்கேதான் போகும், அப்பாவுக்கு இரண்டாவது.

அடுத்த சுரங்கத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள், ஒரு தொழிலாளியின் வீட்டையும் பார்ப்பார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் வீடு தேர்வானது. மூலை வீடு, சாலையை ஒட்டியது. அதோடு, வந்தவர்களோடு இங்கிலீஷில் பேச நான் இருந்தேன்.

வெள்ளையடித்தார்கள். கெஸ்ட் ஹவுஸிலிருந்து ஒரு சோபாவும் ஃபிரிட்ஜும் வந்தன. ஃபிரிட்ஜின் பிளக் எங்கள் வீட்டுத் துளையில் நுழையவில்லை. சும்மா நிற்கட்டும் என்றார்கள். பிறகு டவுன்ஷிப் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"இது இருக்கக் கூடாதும்மா. மூணு நாள்தான். அவங்க போன பிறகு நீங்க என்ன வேணா கட்டிக்குங்க, நான் பாக்கவே இல்ல."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமாதான் சிரித்தார்.

"பிரிச்சுடலாங்க சார். நானே பிரிச்சுடறேன்."

"நீ போயி எங்கடா படுப்ப?"

"மந்தாரக்குப்பத்துல சிநேகிதன் ரூமு இருக்குதுக்கா. அவனுங்க கையெழுத்து போட்டானுங்கன்னா புது மைன்ஸு வரும். வந்தா நானும் பர்மனெண்டு. அப்புறம் எனக்கே குவார்ட்டர்ஸு. நீ வந்து என் வூட்டு சோபாவுல குந்து."

"மூணு நாளுதானடா?"

"எண்ணிகினே இரு, வந்துடுவேன்."

தன் கையால் கீற்றைப் பிரித்து, தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் அங்கே புல் பத்தைகளைப் பதித்தார்கள், ஓரத்தில் கல்வாழை நட்டார்கள். ஒரு மனிதன் ஒன்பது வருடம் படுத்திருந்த இடம் அது என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு அழகாக இருந்தது. ஐயோ, எனக்கே பிடித்திருந்தது.

வந்தார்கள். அம்மா பகல் பதினோரு மணிக்குப் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு நின்றாள். உயரமான ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். காலியாக இருந்தால் மானம் போய்விடும் என்று அம்மா முதல் நாளே அதற்குள் பண்ருட்டிப் பலாச்சுளைகளை ஒரு தாம்பாளம் நிறைய வைத்திருந்தாள். ஒரு நாள் முழுக்கப் புழுங்கிய வாசனை அவர் முகத்தில் அடித்தது. அவர் தும்மினார். எல்லோரும் சிரித்தோம். இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன்.

பின்பக்கக் கதவைத் திறந்தால், குழாயும் கையுமாக மாமா. புதுப் புல் வாடக்கூடாது என்று யாரோ ஒரு மேஸ்திரி, "அந்த எடம் உனக்குத் தெரிஞ்சதுதான" என்று அவரையே அனுப்பிவிட்டிருக்கிறான்.

வந்தவர்களில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். என் தோளில் கை வைத்து, இவர் யார் என்று இங்கிலீஷில் கேட்டாள். அதிகாரி என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு யாரும் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதைத்தான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கார்டனர்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. டவுன்ஷிப்பில் அது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அம்மாவின் கை புடவைத் தலைப்பைப் பிடித்து நின்றுவிட்டது. மாமா குழாயைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் கும்பிட்டார். தொழிலாளி வீட்டுக்குத் தோட்டக்காரரா என்று அந்த அம்மாள் வியந்தாள். ஆமாம், நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார் அதிகாரி. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கார்கள் போனதும் அதிகாரி என் தலையைத் தட்டினார்.

"பிரமாதம்! இனிமே யார் வந்தாலும் இந்த வீட்டைத்தான் காட்டப் போறோம்."

"அப்போ தம்பி ரூமு..." என்றாள் அம்மா.

"என்னம்மா நீங்க? புல்லு போட்டாச்சு. தோட்டக்காரரும் இருக்காரே!"

சாயங்காலத்துக்குள் சோபாவும் ஃபிரிட்ஜும் திரும்பிப் போயின. புல் போகவில்லை. இவ்வளவு நன்றாக நடித்திருக்க வேண்டாம் நாங்கள்.

சொன்ன பொய்யை அவர்கள் மெய்யாக்கினார்கள். மாமாவை லாரியிலிருந்து இறக்கி எங்கள் வீட்டுக்கும் பக்கத்து நான்கு வீடுகளுக்கும் தோட்டக்காரராகப் போட்டார்கள். தினமும் காலையில் மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். அம்மா உள்ளே கூப்பிடுவாள். வரமாட்டார். பின்பக்கக் குழாயடியில் குந்தி, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்.

"ஏன்டா இப்படிப் பண்ற? உள்ள வாடா."

"சூப்பர்வைசரு சுத்திகினு இருக்காருக்கா."

"இருக்கட்டுமே. இது எங்க அக்கா வூடுன்னு சொல்லேன்டா!"

"சொன்னா பாப்பா பொய் சொன்னதா ஆயிடாதா?"

குரலில் கோபமே இல்லை. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

புதுச் சுரங்கமும் பிறகு வந்தது. மாமா போய்க் கேட்டார். அவர் குடும்பத்துக்கு உரிய வேலை எப்போதோ கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அதைத்தான் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கல்வாழைக்குப் பாத்தி கட்டினார்.

வீட்டைப் பார்க்க இரண்டாவதாக ஒரு விருந்தாளிக் கூட்டம் வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று ராத்திரியே முடிவு செய்து வைத்திருந்தேன். அம்மாவுடைய தம்பி, என் தாய்மாமன், காது குத்தியபோது என்னை மடியில் வைத்திருந்தவர். இங்கிலீஷில் வாக்கியமாகக் கோத்து வைத்திருந்தேன். அவர்கள் பின்பக்கம் வந்தார்கள். இவர் யார் என்று கேட்க ஒருவர் வாயெடுத்தார். நான் முன்னால் நகர்ந்தேன்.

"கார்டனர், சார்" என்றார் மாமா.

எல்லோரும் போன பிறகு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். தோட்டத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கமும் யாரும் இல்லை, பார்த்தேன்.

"மாமா" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார்.

"செருப்போட புல்லுல நிக்காதீங்க பாப்பா" என்றார்.