மிளகாய் மில்லில் அரைத்த சிலிக்கன்

உலை மூட்டிய அன்று ஆய்வுக்கூடத்தில் நானும் உதவியாளர் அண்ணனும் மட்டுமே இருந்தோம். விரிவுரையாளர் கோலாலம்பூர் போயிருந்தார். அப்பா சிராங்கூன் சாலையில் தம் மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் ஹானர்ஸ் பட்டம் அந்த உலைக் குழாய்க்குள் இருந்த தூளை நம்பியிருந்தது.

சிலிக்கன் தூளை நைட்ரஜன் வாயுவில் சுட்டால் சிலிக்கன் நைட்ரைடு ஆகும். ஆல்ஃபா, பீட்டா என்று அதற்கு இரண்டு படிக வடிவங்கள். ஆல்ஃபா தூளைத்தான் பிறகு அழுத்திச் சுட்டு வலுவான பீங்கானாக்க முடியும் என்பது விரிவுரையாளரின் கட்சி. சூடு மிஞ்சினால் பீட்டா வந்துவிடும்.

இங்கிலாந்திலிருந்து வந்த சிலிக்கன் கட்டியாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக் கல்வமோ உள்ளங்கையளவு. ஒரு வாரம் அரைத்தும் ஒரு பிடி தேறவில்லை. வீட்டில் புலம்பினேன்.

அப்பா சிரித்தார். “இதுக்கா ஒரு வாரம்? கொண்டா, மில்லுல போடுவோம்.”

“இது மஞ்சள் இல்லப்பா.”

“மஞ்சள் கெழங்கும் கல்லுதான் லா. படிச்ச புள்ளைக்கு எங்க தெரியும்!”

மில்லின் இரும்புத் தட்டுகளை அவரே கழற்றிக் கழுவி, வேட்டி முனையால் துடைத்துப் பூட்டினார். சத்தம் தாங்காமல் மிளகாயோடு காத்திருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சாம்பல் நிறத் தூள் மைபோல் விழுந்தது. எனக்கும் சந்தோஷம்தான். சிலிக்கன் இரும்பைவிடக் கடினம் என்பது பாடத்தில் இருந்தது. அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

அத்தனை தூளையும் ஒரே தடவையில் உலையில் வைத்தேன். ஆயிரத்து இருநூறு டிகிரி தாண்டியதும் வெப்பமானியின் முள் தானாகப் பாய்ந்தது.

“கரண்ட நிறுத்து தம்பி!”

“நிறுத்திட்டேண்ணே.”

“அப்பறம் ஏன் ஏறுது?”

வேதிவினையே சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. வாயுவை அடைத்தால் வெளிக்காற்று புகுந்து தூள் கெடும்; விட்டால் இன்னும் ஏறும். வாயுக் குழாயின் திருகைப் பிடித்தபடி இருவரும் நின்றோம். முள் ஆயிரத்து நானூற்றைக் கடந்தது.

ஆறியபின் உள்ளே இருந்தது தூள் அல்ல, செங்கல். எக்ஸ்ரே படத்தில் பீட்டாவின் கோடுகளே தடித்து நின்றன. சுடாமல் போத்தலில் ஒட்டியிருந்த மிச்சத் தூளை அமிலத்தில் ஊறவிட்டு, தயோசயனேட் ஒரு சொட்டு விட்டேன். ரத்தச் சிவப்பு. இரும்பு இருந்தால்தான் அந்த நிறம் வரும். அதுதான் சிலிக்கனோடு சேர்ந்து முன்கூட்டியே உருகி, வினையை விரட்டி, பீட்டாவை வளர்த்திருக்கிறது. சுடுவதற்கு முன் அமிலத்தில் கழுவியிருந்தால் போதும். வேறு சிலிக்கனும் இல்லை, மறுபடி செய்யத் தவணையும் இல்லை.

வீட்டுக்குப் போனால், தேய்ந்து வழுவழுத்த மில் தட்டுகளை அப்பா மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொளகாத்தூள் கொரகொரங்குதுன்னு திருப்பிட்டாங்கடா. அது கெடக்கட்டும், ஒன் தூளு நல்லா வந்துச்சா?”

“வந்துச்சுப்பா” என்றேன்.

ஹானர்ஸ் கிடைக்கவில்லை. ஏன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. புதுத் தட்டு இரண்டுக்கும், பூட்டுக்கூலியோடு, அவர் கொடுத்த பணம் நாற்பத்தெட்டு வெள்ளி.