மோப்பக்காரி முகராத தட்டு

லேப்பில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிருமி வளர்த்த தட்டின் மூடியை லேசாகத் தூக்கி முகர்ந்தே இன்ன கிருமி என்று சொல்லிவிடுவாள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆபத்தான விளையாட்டு என்று புரிந்ததும் விட்டுவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர். சாயங்காலமானால் அவருக்குக் காய்ச்சல் ஏறும். விடிந்தால் வேர்த்துக் கொட்டி இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, டைபாய்டாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் மசியவில்லை. அவருடைய ரத்தம், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்காக மோப்பக்காரியின் மேசைக்கே வந்தது.

அக்கா லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உள்ள இருக்கிறது நீதானேடி? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேன்."

"ஏதாவது ஒண்ணு சொல்றதுக்கா எனக்குச் சம்பளம்? வளரட்டும்க்கா. கிருமிய அதட்டி வேலை வாங்க முடியாது."

"அது வளர்றதுக்குள்ள மனுஷன் தேஞ்சிடுவாரு போலிருக்கு."

மற்றவர்களின் தட்டுகளில் மறுநாளே கிருமி படர்ந்துவிட்டது. மாமாவின் தட்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அவள் அதைத் தூக்கிப் போடாமல் காத்திருந்தாள். பிறகு ஒரு காலை, ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரிந்தன. பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் துளியெடுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மணலைத் தூவினாற்போல் வெளிறிய சிவப்புப் பொடிகள். சட்டென்று தட்டை மூடி டேப் ஒட்டினாள். "இத யாரும் திறக்கக் கூடாது. மூச்சு வழியாவே ஒட்டிக்கிற ஜாதி" என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு வார்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், இது ஆட்டுலேருந்து வந்த காய்ச்சல் மாதிரி இருக்கு. பண்ணையப் பத்தி அவரக் கேக்கணும்."

"எனக்கும் டைபாய்டு மேல நம்பிக்கை போயிடுச்சு. வாங்க, சேர்ந்தே கேப்போம்."

மாமா மெல்ல வாய் திறந்தார். "என்ன சாப்பிட்டேன், எங்க தண்ணி குடிச்சேன்னு கேட்டாங்க, சொன்னேன். ஆட்டப் பத்தி யாரும் கேக்கலையே." பண்ணையில் சினையாடுகளுக்கு வரிசையாகக் குட்டி கலைந்திருந்தது. கலைந்து விழுந்ததையெல்லாம் அவர்தான் வெறுங்கையால் எடுத்துப் போட்டிருந்தார்.

"கிளவுஸ் போட்டா ஆடு கோவிச்சுக்குமா மாமா?"

படுத்த நாளிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். அடுத்து வந்த ரத்தச் சோதனையும், உறுதிப்படுத்த அனுப்பிய பெரிய லேப்பின் பதிலும் அவள் சந்தேகப்பட்ட அதே கிருமியைத்தான் சொல்லின. காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. மாத்திரை மட்டும் வாரக்கணக்கில் நீண்டது. கால்நடை டாக்டர் பண்ணைக்குப் போய், நோய்கண்ட ஆடுகளைப் பிரித்தார். காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாகவும் இந்தக் கிருமி தொற்றும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு இப்போது வேறு கவலை. "பச்சைப்பால் தெம்புன்னு எனக்கும் ஊத்தி ஊத்திக் கொடுத்தாருடி!" கையை நீட்டினாள். "எடு என் ரத்தத்தை."

"கொஞ்சம் வலிக்கும்."

"வலிச்சா அவரத் திட்டிக்கிறேன்."

அக்காவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மாமாவுக்குத் திட்டு விழுந்தது.