நான் போட்டு ஓடிய ஷூ

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவன். லீவு லெட்டருக்கு மேல் எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் பேசவும் வராது. இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் எழுந்துவிட்டேன். ஆனால் யாரிடமும் சொல்லாமலே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்திலாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது எண்பதுகளின் பின்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் அடிக்கடி சாலை மறியல் நடந்த வருடங்கள். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. கரும்பும் மரவள்ளியும்தான் பயிர். எனக்குப் பத்தொன்பது வயது. மிலிட்டரியில் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை கிடையாது. முந்தின முறை ஆள் எடுத்தபோது போய், ஓட்டத்தில் மூன்றாம் சுற்றிலேயே நின்றுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு முறை போய்ப் பார், அதுவும் ஆகாவிட்டால் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டு என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதனால் ஆறு மாதம் உடம்பைத் தயார் செய்தேன். காலையில் இருட்டு பிரிந்ததும் வெள்ளிமலைக்குப் போகும் பாதையில் முதல் இரண்டு வளைவு வரை வெறுங்காலில் ஓடுவேன். மலைக்குப் போகும் ஜீப்காரர்கள் என்னைப் பார்த்தாலே வேகத்தைக் குறைப்பார்கள். "இன்னாப்பா, யாருனா துரத்திக்கினு வராங்களா?" என்று ஒருவர் தினமும் கேட்பார். நான் சிரித்துவிட்டு ஓடுவேன். வந்து வேப்பமரக் கிளையில் தொங்கி உடம்பைத் தூக்குவேன். ஊறவைத்த வேர்க்கடலை, இரண்டு முட்டை, கேழ்வரகுக் கூழ். எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மார்பு மூச்சை இழுத்தால் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். அதற்காக வாரம் ஒரு முறை டெய்லர் கடைக்குப் போய் டேப்பால் அளந்துகொள்வேன். "ஊர்ல எல்லாரும் சட்டைக்கு அளவு குடுப்பாங்க. நீ ஒருத்தன்தான் மூச்சுக்குக் குடுக்கற" என்பார் டெய்லர்.

எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த ஒருவரும் அதே பாதையில் ஓடுவார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். எங்கள் நிலத்துக்குக் கரும்பு வெட்ட வருகிறவர்தான். நான் ஏறும்போது அவர் இறங்கிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் பாதை ஓரத்துக்கு ஒதுங்கி ஓடுவார். மறியல் தொடங்கிய பிறகு ஊருக்கும் காலனிக்கும் பேச்சு கம்மியாகிவிட்டது. அதற்கு முன்பும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இல்லை என்பதுதான் உண்மை.

செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கள்ளக்குறிச்சிக்குப் போய் வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினேன். கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்துப் போட்டார். ஒன்று கொஞ்சம் தளர்வு, ஒன்று இறுக்கம். ஓடும்போது கழன்றுவிடக் கூடாதே என்று இறுக்கமானதை எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு ஷூவின் ஓரத்திலும் மஞ்சள் தடவினார். புதுத்துணிக்குத் தடவுவது மாதிரி. நல்ல காரியத்துக்கு வாங்கியதை முன்னாலேயே மண்ணில் போடுவானேன் என்று பெட்டியோடு பரண்மேல் வைத்துவிட்டேன். நடுவில் ஒரு தடவை எடுத்து, பாயை விரித்து, அதன்மேல் நாலு அடி நடந்து பார்த்தேன். அவ்வளவுதான். ஆறு மாதம் ஓடினேன், ஒரு நாள்கூட அந்த ஷூவில் ஓடவில்லை.

கடலூரில் ஆள் எடுப்பு. அதற்கு முந்தின நாள் திடீரென்று மறியல். கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். ஒரு பஸ்ஸும் இல்லை. நானும் என் சித்தப்பா மகனும் பையோடு நின்றோம். ஆனால் மறியல் செய்தவர்கள் எங்கள் ஆட்கள். "மிலிட்டரிக்குப் போற புள்ளைங்கடா, வழி வுடுங்க" என்று மரத்தைத் தாண்டவைத்து, அந்தப் பக்கம் நின்ற டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரி கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் கடலூரில் இருந்தோம்.

காலையில் விடுதியிலிருந்து கிளம்பும்போதே புது ஷூவைப் போட்டுக்கொண்டேன். மைதானம் இரண்டு மைல். நடந்தோம். அதற்குப் பிறகு வரிசையில் நாலு மணி நேரம் நின்றோம். உயரம், எடை, மார்பு எல்லாம் எனக்குச் சரியாக இருந்தது. தேறியவர்கள் மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினார்கள். அடுத்தது ஓட்டம். ஒரு மைல், நாலு சுற்று. ஐம்பது ஐம்பது பேராக விட்டார்கள். சித்தப்பா மகன் முதல் குழுவிலேயே ஓடி, இரண்டாம் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்து வந்து, "நான் சினிமா பாத்துட்டு வரேன், நீ ஓடிட்டு வா" என்று போய்க் கூட்டத்தில் நின்றான். உடனே போகவில்லை, மற்றவர்கள் விழுவதைப் பார்க்க நின்றான்.

எனக்குக் காலையிலிருந்தே குதிகால் எரிந்துகொண்டிருந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்கள் குழுவுக்கு இன்னும் இரண்டு குழு இருக்கும்போது கழற்றிப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து ரத்தம். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்திருந்தது. வெறுங்காலில் ஓடிவிடலாம் என்று எழுந்தேன். மைதானம் முழுக்கச் சரளைக்கல். பத்தடிகூட வைக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கரும்பு வண்டிதான் என்று முடிவாகிவிட்டது. அழுகை வந்தது. வெளியில் தெரியாமல் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

"இன்னாங்க ஆச்சி?" என்று பக்கத்தில் ஒரு குரல். காலனிக்காரர். அவரும் வந்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"உனக்கு ஓட்டம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன். என்னைவிடப் பெரியவர்தான், ஆனால் காலனி ஆட்களை நீ என்றுதான் பேசிப் பழக்கம்.

"எனக்கு ஓட்டமே இல்லீங்க. எடையில ஒரு கிலோ கம்மி." அவர் மணிக்கட்டில் முத்திரை இல்லை. "நேத்து பகல் பூரா நடந்துட்டேன். அதுல எறங்கிப் போச்சி போல."

மறியல் நடக்கும் ரோட்டுப் பக்கம் காலனி ஆட்கள் அன்று போக முடியாது. அவர் வயல் வழியாகக் குறுக்கே புகுந்து, களமருதூர் வரை சுற்றிக்கொண்டு, உளுந்தூர்பேட்டைக்கு நடந்தே வந்திருக்கிறார். நாங்கள் டிராக்டரில் போன தூரத்தைவிட ஜாஸ்தி. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

என் காலைப் பார்த்தார். புது ஷூவை எடுத்து மடக்கிப் பார்த்தார். "எத்தினி நாளு பழக்குனீங்க?"

"இன்னிக்குத்தான் போட்டேன்."

"புதுசுல ஓடக் கூடாதுங்க. ஒரு மாசமாவது புல்லறுக்கப் போறப்பகூடப் போட்டுக்கினே திரியணும். அது நம்ம காலு சொல்றத கேக்கணும். இல்லன்னா நாம அது சொல்றத கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் காலிலிருந்ததைக் கழற்றினார். பழுப்பு கேன்வாஸ். சந்தையில் பழசாக வாங்கியது. அடிப்பாகம் தேய்ந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். உள்ளேயும் ஒரு துண்டு டியூப், அதன்மேல் பழைய துணி. தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து என் இரண்டு குதிகாலிலும் சுற்றினார்.

"போட்டுக்குங்க. எனக்கு இனி இன்னிக்கு இதுல வேலை இல்ல."

நான் ஷூவை வாங்கவில்லை. தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பதை எழுதத்தான் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன். சித்தப்பா மகன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவுரு அந்தாண்ட கயித்துக்கிட்ட நிக்கறாரு. இந்தப் பக்கம் யாரும் பாக்கல. போட்டுக்குங்க" என்றார்.

போட்டுக்கொண்டேன். எனக்கு அரை அளவு பெரிசு. துணிச் சுற்றுக்குச் சரியாக இருந்தது. உள்ளே அவர் விரல்கள் பதிந்த பள்ளங்கள் இருந்தன. என் விரல்கள் அதில் போய் உட்கார்ந்தன.

ஓடினேன். வலி இல்லாமல் இல்லை. ஆனால் ஓடக்கூடிய வலி. மூன்றாம் சுற்றில் மூச்சு முட்டி வேகம் குறைந்தபோது, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து, "கைய வீசுங்க, கைய வீசுங்க" என்று அவர் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் குழுவில் எட்டாவதாக வந்தேன். முதல் பதினைந்து பேரை எடுத்துக்கொண்டார்கள். மணிக்கட்டில் இன்னொரு முத்திரை குத்தி, மெடிக்கலுக்குப் பத்து நாள் கழித்து வரச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்கள்.

ஷூவைக் கழற்றினேன். துணி நனைந்து, உள்ளே ரத்தம் ஒட்டியிருந்தது. கழுவித் தருகிறேன் என்றேன். "வுடுங்க, காஞ்சா தெரியாது" என்று வாங்கி அப்படியே போட்டுக்கொண்டார். முத்திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "அடுத்த வாட்டி நானும் வாங்கிடுவேன்" என்றார். நன்றி என்று சொல்லும் பழக்கம் எங்களுக்குள் கிடையாது. சொல்லவில்லை.

சித்தப்பா மகன் சினிமாவுக்குப் போய்விட்டான். மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம், பக்கத்தில் உட்காரவில்லை. கள்ளக்குறிச்சியில் மாறி, ஊர் ஸ்டாப்பில் இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நான் பையில் வைத்திருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு மெல்ல நடந்தேன். அவரும் எனக்காக மெல்ல நடந்தார்.

ஸ்டாப்பிலிருந்து போனால் முதலில் எங்கள் தெரு. அதைத் தாண்டித்தான் காலனி. தெருமுனை வந்ததும் அவர் குனிந்தார். கயிறு அவிழ்ந்துவிட்டது போல என்று நானும் நின்றேன். அவர் இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் அவர்கள் காலில் எதையும் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாததா. விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஆனால் மத்தியானம் என் காலில் இருந்த ஷூ அது. என் காலிலேயே இருந்திருந்தால் அதே ஷூ அந்தத் தெருவில் நடந்து போயிருக்கும்.

கழற்றாதே, போட்டுக்கொண்டே வா என்று சொல்ல வாய்வரை வந்தது. தெருக்குழாயில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சொல்லவில்லை.

"நீங்க முன்னால போங்க" என்றார். நான் முன்னால் போனேன்.

வீட்டு வாசல் வந்ததும் நொண்டாமல் நடந்தேன். முத்திரையைப் பார்த்து அம்மா அழுதார். அப்பா புது ஷூவைப் பையிலிருந்து எடுத்து, பார்க்க வந்தவர்களிடம், "இதுலதான் ஓடுனான்" என்று காட்டினார். ஆமாம் என்றேன்.

மெடிக்கலிலும் தேறி, பதினேழு வருடம் மிலிட்டரியில் இருந்தேன். முதல் லீவில் வந்தபோது அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஆள் எடுப்புக்கு அவர் போனாரா என்று கேட்க நினைத்து, யாரிடம் கேட்பது என்று விட்டுவிட்டேன். பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. பனியிலும் மலையிலும் காவல் நின்றவன் என்று ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு தெரு நீளத்துக்கு அவர் பக்கத்தில் நடக்கும் தைரியம் எனக்கு இல்லாமல் போனது எனக்கு மட்டும்தான் தெரியும்; யாராவது என்னைத் தைரியசாலி என்று சொல்லும்போதெல்லாம் அந்தத் தெருமுனையில்தான் இன்னும் நிற்கிறேன்.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் முத்திரையோடு ஊர் திரும்பிய மறுநாள் எங்கள் நிலத்தில் கரும்பு வெட்டு. அவரும் வந்திருந்தார். வரப்பில் நின்ற என்னைப் பார்த்து, "காலு இப்ப எப்டி இருக்குதுங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அப்பா, "உன் காலுக்கு இன்னாடா?" என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஷூ கொடுத்தவர் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்.